கியர் பாக்ஸை இறக்கும் முன்: பழைய காரின் கிளட்ச் பழுதைக் கண்டறியும் வழிகாட்டி

‘கிளட்ச் போய்விட்டது’ என்று பட்டறையில் சொல்லப்படும் தீர்ப்புக்குள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்த பிறகும் இன்ஜினின் விசை சக்கரத்துக்குச் சரியாகப் போய்ச் சேராமல் வழுக்குவது ஒன்று. பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்த பிறகும் இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. முதலாவதை மெக்கானிக்குகள் ‘ஸ்லிப் ஆகிறது’ என்றும், இரண்டாவதைக் ‘கட் ஆகவில்லை’ என்றும் சொல்வார்கள். ஒன்றுக்குச் செய்ய வேண்டிய வேலையை மற்றொன்றுக்குச் செய்தால் பழுது தீராது என்பதோடு, இன்னும் மோசமாகவும் ஆகும்.

இந்த வழிகாட்டி மாருதி 800 காரை முன்வைத்து எழுதப்படுகிறது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட இந்தக் காரில், 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜின், முன்சக்கர இயக்கம், கேபிளால் இயங்கும் கிளட்ச் ஆகியவை உள்ளன. கேபிள் கிளட்ச் உள்ள மற்ற சிறிய கார்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் கிளட்ச், உள்ள கார்களுக்கு வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

அளவுகோல், டார்ச், கார் நகராமல் சக்கரத்துக்கு வைக்க இரண்டு கட்டைகள், உதவிக்கு ஓர் ஆள் ஆகியவை இருந்தாலே இங்கே சொல்லப்படும் சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு வைத்து, அதன் மேல் காரை இறக்கிய பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

உள்ளே நடப்பது

இன்ஜினின் கடைசியில் சுழலும் கனமான இரும்புத் தட்டு ஃப்ளைவீல். அதன் மேல் கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருக்கிறது. இரு பக்கமும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்ட இந்தத் தட்டின் நடுவிலுள்ள பல்வரிசையில்தான் கியர் பாக்ஸின் உள்தண்டு செருகப்பட்டுள்ளது. கிளட்ச் பிளேட்டைப் பின்னாலிருந்து ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். அந்த அழுத்தத்தைத் தருவது அதிலுள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங். பெடலை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கிறது, நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது, பேரிங் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை உள்நோக்கி அழுத்துகிறது, உடனே பிரஷர் பிளேட் பிடியை விடுகிறது.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒரு நுணுக்கம் உண்டு. கிளட்ச் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. அதனால் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்த்திசையில், அதாவது ரிலீஸ் பேரிங்கை நோக்கி, வெளியே வருகின்றன. எனவே பிளேட் தேய்ந்தால் கேபிளில் இருக்கும் தொய்வு குறைகிறதே தவிர, கூடுவதில்லை. தொய்வு முழுவதும் தீர்ந்த பிறகு பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். யாரும் பெடலைத் தொடாத நிலையிலும் கிளட்ச் பாதி மிதிபட்டது போல இருந்து வழுக்கத் தொடங்கும். கேபிள் நீண்டுபோனாலோ இதற்கு நேர்மாறாகத் தொய்வு கூடி, பெடலை முழுவதும் மிதித்தாலும் பிடி விடாது.

வழுக்கும் கிளட்சுக்குக் கேபிளை ‘டைட்’ செய்யச் சொல்வது அடிக்கடி கேட்கும் ஆலோசனை. மேலே சொன்னதைப் படித்தவருக்கு அது எவ்வளவு தவறு என்று புரிந்திருக்கும். அங்கே செய்ய வேண்டியது கேபிளைத் தளர்த்துவது.

முதல் படி: நின்ற இடத்தில் பெடலை அளப்பது

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலைக் கையால் மெல்ல அழுத்துங்கள். தொடக்கத்தில் எதிர்ப்பே இல்லாமல் சிறிது தூரம் போகும், பிறகு திடீரெனக் கனக்கும். அந்த வெறும் தூரம்தான் ‘ஃப்ரீ பிளே’. கேபிள் கிளட்ச் உள்ள சிறிய கார்களில் இது ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். அடுத்து பானட்டைத் திறந்து, கியர் பாக்ஸின் மேல் கேபிள் வந்து சேரும் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அங்கே 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும்.

ஆட்டமே இல்லை, கார் வழுக்கவும் செய்கிறது என்றால், கேபிளின் அந்த முனையிலுள்ள அட்ஜஸ்டிங் நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்த பிறகு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் பிளேட்டில் இன்னும் கொஞ்சம் உயிர் மீதமிருக்கிறது. ஆட்டம் மிக அதிகம், கியர் விழுவதும் கடினம் என்றால் நட்டை முடுக்கி அளவுக்குக் கொண்டுவாருங்கள். நட்டின் மரை முழுவதும் தீர்ந்துபோய், இதற்கு மேல் முடுக்கவோ தளர்த்தவோ இடமில்லை என்பதும் ஒரு தகவலே. முடுக்க இடமில்லாதபோது கேபிள் அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம், தளர்த்த இடமில்லாதபோது பிளேட் தேய்மானத்தின் எல்லையைத் தொட்டிருக்கலாம்.

பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கார் நகரத் தொடங்கும் அந்தப் புள்ளி தரைக்கு மிக அருகில் இருந்தால் கேபிள் தொய்வு, ஹைட்ராலிக் என்றால் உள்ளே காற்று. மேலே, கால் கிட்டத்தட்ட முழுவதும் எடுபடும் இடத்தில் இருந்தால் பிளேட் தேய்மானம். நாள்தோறும் ஓட்டுகிறவருக்குக் கால் பழகிவிடுவதால் இந்த மாற்றம் தெரியாது. காரை வேறொருவரிடம் கொடுத்து ஓட்டச் சொன்னால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.

இரண்டாம் படி: கேபிளும் அது தொங்கும் இடங்களும்

பெடல் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால், கேபிளைக் கியர் பாக்ஸ் முனையில் கழற்றிவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். அப்போதும் சொரசொரவென்று தடைபட்டுப் போனால் குற்றம் கேபிளில் இருக்கிறது: உறைக்குள் துரு ஏறியிருக்கும், அல்லது கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உறையில் உரசிக்கொண்டிருக்கும். கேபிள் கழன்றதும் பெடல் லேசாகிவிட்டால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், நெம்புகோல் தண்டு ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும்.

பெடல் சட்டென்று தரையில் விழுந்து மேலே வராமல் போனால் கேபிள் அறுந்துவிட்டது என்பதற்குச் சோதனை தேவையில்லை. புதிய கேபிள் ஒன்றைப் பழைய காரின் டிக்கியில் எப்போதும் போட்டு வைத்திருப்பது நல்லது.

இந்தப் படியில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். என் காரில் ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று பல் அரையும் சத்தம். பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். ஒரு வாரத்தில் அதே சத்தம் திரும்பியது. கடைசியில், உதவிக்கு வந்தவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் பானட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கேபிளின் உறை வந்து முட்டும் இடத்தில் இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடே வெடித்து, ஒவ்வொரு மிதிக்கும் விரல் அகலம் வளைந்து கொடுப்பது கண்ணில் பட்டது. மிதித்த தூரத்தில் ஒரு பகுதியைத் தகடு தின்றுகொண்டிருந்தது. ஒரு வெல்டிங் வேலையில் முடிந்திருக்க வேண்டிய பழுது அது. ஆகவே ஒருவர் மிதிக்க, மற்றவர் பெடல் பிராக்கெட், தகடு, கேபிள் உறையின் இரு முனைகள், நெம்புகோல் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. பெடல் போகும் தூரமெல்லாம் நெம்புகோலுக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

மூன்றாம் படி: கட் ஆகிறதா?

இன்ஜின் சூடான பிறகு, ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு), காரைச் சமதரையில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும், காருக்கு முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது. பெடலை முழுவதும் மிதித்து, ஐந்து நொடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். மாருதி 800 போன்ற கார்களில் முன்னோக்கிய கியர்கள் அனைத்துக்கும் சிங்க்ரோமெஷ் (பற்கள் சேரும் முன் இரு பக்கச் சுழற்சியையும் சமமாக்கும் அமைப்பு) உண்டு, ரிவர்ஸுக்கு இல்லை. கிளட்ச் சரியாகப் பிரிந்திருந்தால் கியர் பாக்ஸின் உள்தண்டு அந்த ஐந்து நொடிக்குள் சுழற்சியை நிறுத்திவிடும், ரிவர்ஸ் அமைதியாக விழும். பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால் பல்லோடு பல் மோதிச் சத்தம் வரும். காத்திருக்காமல் அவசரமாகப் போட்டால் நல்ல கிளட்சும் சத்தமிடும் என்பதால், ஐந்து நொடி என்பதை எண்ணியே செய்ய வேண்டும்.

சத்தம் வந்தால் உடனே கிளட்சைக் குற்றவாளியாக்கிவிடக் கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் வெண்ணெய்போல் விழுகிற கியர், இன்ஜின் ஓடும்போது மட்டும் மறுக்கிறது என்றால் கிளட்ச் பிரியவில்லை. அணைத்த நிலையிலும் விழ மறுத்தால் கியர் லிவரின் இணைப்புத் தண்டுகளையும் புஷ்களையும் பார்க்க வேண்டும். ஓடும்போது இரண்டாவது கியர் ஒன்று மட்டும் அரைகிறது, மற்றவை நன்றாக விழுகின்றன என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை கிளட்ச் மாற்றினாலும் அது சரியாகாது.

வெளியிலுள்ள கேபிள், பெடல், நெம்புகோல் எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் பிரியவில்லை என்றால்தான் காரணம் உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். வளைந்த பிளேட், பல்வரிசையில் துருவேறி நகர மறுக்கும் பிளேட், ஒடிந்த டயாஃப்ரம் விரல், தேய்ந்த ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை), ஃப்ளைவீலின் நடுவில் இறுகிப்போன சிறு பேரிங் ஆகியவை இதில் சேரும். அண்மையில்தான் கிளட்ச் மாற்றப்பட்டது என்றால், பிளேட்டைத் திருப்பிப் பூட்டியிருக்கும் வாய்ப்பையும் ஒதுக்க வேண்டாம். அது நடக்கக் கூடிய தவறுதான்.

நெடுநாள் நின்ற காருக்குத் தனி வாய்ப்பு ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல நீரில் நின்றவையும், மழைக்காலம் முழுவதும் ஓட்டாமல் வெளியில் விடப்பட்டவையும் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளக் கூடும். நிறுத்திய நாள் வரை நன்றாகப் பிரிந்த கிளட்ச், மாதக்கணக்கில் நின்ற பிறகு அறவே பிரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில், இன்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, இரண்டாவது கியரில், கிளட்ச் பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் கார் நகரத் தொடங்கும். பெடலை விடாமல் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி அழுத்தினால் ஒட்டு பெரும்பாலும் விட்டுவிடும். சுவரைப் பார்த்து நிற்கும் காரில் இதைச் செய்யவே கூடாது.

நான்காம் படி: வழுக்குகிறதா?

ஓட்டத்தில் இதைக் கண்டறிவதே நம்பகமானது. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், டாப் கியரில் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் முனகிக்கொண்டே வேகத்தோடு சேர்ந்து மெல்ல ஏறும். வழுக்கும் கிளட்ச் என்றால் இன்ஜினின் இரைச்சல் மட்டும் திடீரென உயரும், வேகமானி முள் அசையாமல் நிற்கும். பழைய மாருதி 800 கார்களில் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மீட்டர் இல்லை, காதைத்தான் நம்ப வேண்டும். மேம்பாலம் ஏறும்போது செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் கியரில் இந்தச் சோதனையைச் செய்வது வீண், ஏனென்றால் தாழ்ந்த கியரில் கிளட்சுக்கு வரும் சுமை குறைவு. தொடக்க நிலை வழுக்கல் அங்கே வெளிப்படாது.

ஆக்சிலரேட்டரை அழுத்தியும் இரைச்சலும் உயரவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் அல்ல. இன்ஜினுக்கு வலுவில்லை, அல்லது பிரேக் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோனால், பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தின் வெப்பம் தொடாமலே தெரியும்.

சாலையில் ஓட்ட முடியாத நிலையில், நின்ற இடத்தில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் இழுத்து, கட்டை வைத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் கிளட்சைச் சீராக விடுங்கள். இன்ஜின் உடனே திணறி அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் முடிந்துவிட்டது. ஆனால் அணைந்துவிட்டது என்பதாலேயே கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஐடிலில் இன்ஜின் தரும் விசை மிகக் குறைவு, அதைத் தாங்கும் பிளேட் முழு விசையில் வழுக்கலாம். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால், கருகாத பிளேட்டையும் நாமே கருக்கிவிடுவோம்.

கருகல் வாசனையையும் கொஞ்சம் நிதானமாகவே எடைபோட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நிறைந்த காரோடு ஹாஃப் கிளட்ச்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) ஏறிய பிறகு நல்ல கிளட்சும் நாறும். சமவெளியில், சாதாரண ஓட்டத்தில் அந்த வாசனை வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: கார் நகரவே இல்லை என்றால்

கியர் விழுகிறது, பெடலை விட்டால் இன்ஜின் அணையவும் இல்லை, கார் நகரவும் இல்லை. இந்த நிலையில் ‘கிளட்ச் தீர்ந்துவிட்டது’ என்று சொல்வது மிக எளிது, ஆனால் முன்சக்கர இயக்கக் கார்களில் ஒரு பக்க ஆக்சில் தண்டு உடைந்தாலோ அதன் உள் இணைப்பு கழன்றாலோ இதே அறிகுறிதான் தோன்றும். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல், விசை முழுவதையும் பிடிமானமில்லாத பக்கத்துக்கே அனுப்பிவிடுவதால் மறுபக்கச் சக்கரமும் அசையாது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. இத்தகைய பழைய கார்களில் வேகமானியின் கேபிள் கியர் பாக்ஸின் கடைசியில், டிஃபரென்ஷியலோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரத்திலிருந்து ஓடுகிறது. முதல் கியரில் கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது, கார் நின்ற இடத்திலேயே நிற்க, வேகமானி முள் மட்டும் எழுந்தால் விசை கிளட்சைக் கடந்து, கியர் பாக்ஸையும் கடந்து போய்விட்டது. ஆக்சில் தண்டைப் பாருங்கள். முள்ளும் அசையவில்லை, வேகமானி இதற்கு முன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது என்றால், பழுது கிளட்சிலோ கியர் பாக்ஸுக்குள்ளோ இருக்கிறது. அதிலும், கருகல் வாசனை சிறிதும் இல்லாமல் ஒரே நொடியில் விசை நின்றுபோயிருந்தால், பிளேட்டின் நடுப்பகுதி கிழிந்தோ அதன் பல்வரிசை மழுங்கியோ இருக்கலாம். தேய்மானம் ஒருபோதும் அப்படித் திடீரென வராது.

ஆக்சில் தண்டு உடைந்த காரைக் கியரில் விட்டு நிறுத்தினால் அது நிற்காது, ஹேண்ட் பிரேக் ஒன்றே பின்சக்கரங்களைப் பிடிக்கும். கட்டை வைத்துவிட்டே இறங்குங்கள்.

ஆறாம் படி: சத்தம்

இன்ஜின் ஐடிலில், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெடலைத் தொடாதபோது அமைதி, ஃப்ரீ பிளே தீர்ந்து பெடல் கனக்கத் தொடங்கும் அந்த இடத்திலேயே கிறீச்சென்றோ உறுமலாகவோ சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். இதற்கு மாறாக, பெடலைத் தொடாதபோது உறுமல், முழுவதும் மிதித்தால் அமைதி என்றால் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங். முதலாவதற்குக் கிளட்ச் வேலை போதும். இரண்டாவதற்குக் கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கார் உரிமையாளரே தெரிந்து வைத்திருந்தால் பட்டறையில் பேசும் பேச்சே மாறிவிடும். பெடல் பகுதியில் மட்டும் கிரீச்சிட்டால், முதலில் பெடல் புஷ்ஷுக்குச் சிறிது கிரீஸ் வைத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: உதறல்

முதல் கியரில் கிளம்பும்போது கார் முழுவதும் உதறினால், பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூட்டில் கருத்துத் திட்டுத் திட்டாகக் கெட்டித்திருக்கலாம், பிளேட்டின் நடுவிலுள்ள சிறு சுருள் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளைப் பார்க்க வேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை அழுத்தியபடி உதவியாளர் கிளட்சைப் பிடிக்கும் புள்ளி வரை மட்டும் விட்டு மீண்டும் மிதிக்க, நீங்கள் பக்கவாட்டில் நின்று இன்ஜினைக் கவனியுங்கள். காருக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம். இன்ஜின் தூக்கிப்போட்டது போலத் துள்ளினால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

எண்ணெய்க் கசிவைக் கண்டறிய, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் உறையின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் விரலால் தொட்டு முகர்ந்து பார்க்கலாம். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், அதாவது உள்தண்டின் சீல் போயிருக்கிறது. கறுத்து, கந்தக நெடி இல்லாமல் இருந்தால் இன்ஜின் ஆயில், அதாவது கிராங்க்கின் (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டின்) பின் சீல். ஆனால் மேலே வால்வு கவரிலிருந்து வழிந்து வந்த எண்ணெயும் அதே இடத்தில்தான் சொட்டும். ஆகவே முழுவதும் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிய பிறகு மறுபடியும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோல் விட்டுக் கழுவி மீண்டும் போடும் வழக்கம் உண்டு. அது பலிக்காது, சூடேறும்போது உள்ளிருந்து எண்ணெய் மீண்டும் மேலே வரும்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால்

கேபிளுக்குப் பதிலாக, பெடலருகே ஒரு மாஸ்டர் சிலிண்டரும் கியர் பாக்ஸ் பக்கம் ஒரு ஸ்லேவ் சிலிண்டரும் இருக்கும். பிளேட் தேயத் தேய ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் தானாகவே பின்வாங்குவதால் தொய்வை நாம் சரிசெய்ய வேண்டியதில்லை. இதனால் கிளட்சுக்கென்று தனிக் குப்பி உள்ள கார்களில் தேய்மானத்தோடு திரவ மட்டம் குறையாது, சிறிது ஏறவே செய்யும். மட்டம் இறங்கினால் அது கசிவு மட்டுமே. பெடலுக்கு மேலே, காருக்குள், மிதியடியின் பக்கம் ஈரமாக இருக்கிறதா என்றும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கினால் திரவம் வடிகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு முறை மிதித்தால் கியர் விழாமல், இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தால் விழுகிறது என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் தளர்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரிக்க, முதல் கியரில் பெடலை முழுவதும் மிதித்தபடி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பிரேக்கின் மேல் கால் தயாராக இருக்கட்டும். தொடக்கத்தில் நின்ற கார், நேரம் போகப்போக மெல்ல நகர முயன்றால் சீல் வழியாக அழுத்தம் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. குப்பியில் ஊற்ற வேண்டியது மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில்தான். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் எல்லாவற்றையும் மாற்ற நேரிடும்.

கியர் பாக்ஸ் இறங்கிய பிறகு

மேலே சொன்னவை எல்லாம் உள்ளேதான் பழுது என்று காட்டினால், கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டு, இயன்றால் நீங்களும் உடனிருங்கள். பழைய கிளட்ச் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக் கூடும் என்பதால், உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊத விடக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பிளேட்டில் முதலில் பார்க்க வேண்டியது ரிவெட் தலைகள். பட்டையின் மேற்பரப்பிலிருந்து அவை அரை மில்லிமீட்டர் ஆழத்தில்கூட இல்லை என்றால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. தடிமன் நன்றாக இருந்தும் பரப்பு கண்ணாடி போல் பளபளத்தால் சூடேறி வழுக்கியிருக்கிறது, அதற்குக் காரணம் ஓட்டும் முறையிலோ ஃப்ரீ பிளே இல்லாமையிலோ இருக்கும். கறுத்து ஈரமாக இருந்தால் சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் பூட்டவே கூடாது. பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, நுனிகளில் பேரிங் உரசிய பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். ரிலீஸ் பேரிங்கைக் கையால் அழுத்திச் சுற்றினால் சொரசொரப்பு தெரியும். ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் நகம் மாட்டும் வெடிப்புகளும் இருந்தால் அதைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் சில மாதங்களில் உதறத் தொடங்கும்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் இந்தக் கார்களில் கணக்குக்குச் சரிவரும், ஏனென்றால் கூலியின் பெரும்பகுதி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. அந்தச் சமயத்திலேயே கேபிளையும் கிராங்க் பின் சீலையும் பார்த்துவிடலாம். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியிலிருந்து செய்த சோதனைகள் சொன்னதும் அந்தப் பழைய பிளேட் காட்டுவதும் பொருந்தவில்லை என்றால், உதாரணமாக வழுக்கலுக்காகக் கழற்றிய பிளேட்டில் ரிவெட்டுக்கு மேல் பட்டை தாராளமாக இருந்து எண்ணெய்க் கறையும் இல்லை என்றால், புதியதைப் பூட்டும் முன் கேபிளின் ஃப்ரீ பிளேயையும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கையும் மறுபடியும் பார்க்கச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.